கூட்டி வந்த பிள்ளையின் குடும்ப வரலாறு: 'நார்மல்' கொலஸ்ட்ராலுடன் வந்த ஒரு மாரடைப்பு

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இது என் கையிலேயே நடந்தது. நோயாளியும் அவர் மனைவியும் எழுதச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரத்த அளவுகள் எல்லாமே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், நகரத்தார் குடும்பம். முதன்முறை முழுப் பரிசோதனைக்கென்று வந்தபோது அவருக்கு வயது 43. சென்னையில் பதினைந்து வருடம் கணக்கு வேலை பார்த்தவர். வீட்டுப் பெரியவர்களைக் கவனிக்க ஊர் திரும்பி, மனைவியோடு சேர்ந்து பலகார வியாபாரம் தொடங்கியிருந்தார். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, அதிரசம் என்று போட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் பார்சல் அனுப்புவார்கள். புகை கிடையாது, மது கிடையாது. காலையில் ஊருணிக் கரையை இரண்டு சுற்று நடப்பார். மார்வலி, மூச்சிரைப்பு என்று எந்தப் புகாரும் இல்லை. கூடப் படித்தவர் ஒருவருக்குத் திருச்சியில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் தனக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று வந்தவர்.

கூடவே அவருடைய ஆத்தாவும் வந்திருந்தார்கள், முழங்கால் வலிக்கு மருந்து வாங்க. (இந்தப் பக்கத்தில் ஆத்தா என்றால் அம்மா, அப்பச்சி என்றால் அப்பா.)

முதல் பரிசோதனையில் கண்டது

உயரம் 168 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. பார்வைக்கு ஒல்லி என்றே சொல்லலாம். ஆனால் டேப்பைச் சுற்றினால் இடுப்பு 94 சென்டிமீட்டர் வந்தது. இந்திய ஆண்களுக்கு 90 தான் எல்லை. ரத்த அழுத்தம் 134/84. வெறும் வயிற்றுச் சர்க்கரை 106, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 5.9 விழுக்காடு. இசிஜியில் ஒன்றுமில்லை.

கொழுப்பு அறிக்கை இப்படி இருந்தது: மொத்தக் கொலஸ்ட்ரால் 178, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 212, எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) 33, எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 103.

குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டேன்.

"அப்பச்சிக்கு 81 ஆச்சு டாக்டர். சுகர் இருக்கு. ஆனா இன்னும் மாடி ஏறி இறங்குறாக. ஆத்தாவுக்கு இந்த முழங்கால் மட்டுந்தான்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஆத்தா சிரித்துக்கொண்டே, "அவுகளுக்கு என்ன டாக்டர் தம்பி, நம்மளை எல்லாம் அனுப்பி வச்சுட்டுத்தான் போவாக" என்றார்கள். மூவரும் சிரித்தோம். அட்டையில் நான் எழுதியது: 'அப்பாவுக்குச் சர்க்கரை, எனவே இவருக்கும் வர வாய்ப்பு. இதய நோய் வரலாறு இல்லை.'

அந்த இரண்டு வாக்கியமும் தப்பு. அது தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

அன்று எடுத்த முடிவும் காரணமும்

கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதவில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குள் இருந்தது. எல்டிஎல் எண்ணை லேப் தடித்த எழுத்தில் போடவில்லை. அவர்கள் தாளில் எல்லை 130. எச்டிஎல்லும் டிரைகிளிசரைடும் தடித்த எழுத்தில்தான் இருந்தன, ஆனால் அவற்றுக்கு மாத்திரையைவிட வாழ்க்கைமுறைதான் மருந்து என்பது என் பழக்கம். புகைபிடிக்காதவர், ஒல்லி, தகப்பனார் 81 வயதில் மாடி ஏறுகிறார். "எல்லாம் நார்மல்தான். பலகாரத்தை ருசி பார்க்கிறதை மட்டும் குறைங்க, நடையைக் கூட்டுங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்" என்று அனுப்பிவைத்தேன்.

பத்து வருட ஆபத்தைக் கணக்கிடும் பிரேமிங்காம் அட்டவணையை அன்று நான் தொடவில்லை. பின்னால் போட்டுப் பார்த்தேன். 10 விழுக்காட்டுக்குள் வந்தது, அதாவது 'குறைந்த ஆபத்து'. அன்றே போட்டிருந்தாலும் என் முடிவுக்கு அது துணைதான் போயிருக்கும். இந்தக் கணக்குகளில் வயதுக்குத்தான் எடை அதிகம். நாற்பதுகளில் இருக்கும் நம் ஆட்களை அவை குறைத்தே மதிப்பிடுகின்றன. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுத்தர வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. இது தெரிந்தே இருந்தேன். தெரிவதும் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் அதைப் பொருத்திப் பார்ப்பதும் ஒன்றல்ல போலும்.

ஒரு வருடம் கழித்துச் சொன்னபடி வந்தார். மொத்தம் 171, டிரைகிளிசரைடு 190, எச்டிஎல் 34, எல்டிஎல் 99. இரண்டு கிலோ குறைத்திருந்தார். எல்டிஎல் மூன்று இலக்கத்திலிருந்து இரண்டு இலக்கத்துக்கு இறங்கியதைக் காட்டி அவரைப் பாராட்டவும் செய்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் வரவில்லை. வரச் சொல்லி நானும் ஆள் விடவில்லை.

நோன்பு இரவு

அவருக்கு 46 வயது நடந்துகொண்டிருந்தது. மார்கழி, பிள்ளையார் நோன்பு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், கோடித் துணியில் உருவிய 21 நூலைத் திரியாக்கி, நெய்யும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர்.

இரவு எட்டரைக்கு இழை எடுத்திருக்கிறார். பத்தரை மணிக்கு நெஞ்சில் ஒரு கனம். நெய் சேரவில்லை என்று நினைத்து ஒரு சோடா குடித்து, வாயு மாத்திரை ஒன்றையும் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் அது போய்விட்டது. விடிகாலை நாலேகாலுக்கு விழித்தபோது சட்டை நனைந்திருந்தது. நடுநெஞ்சில் அழுத்தம், அது இடது தாடைக்கு ஏறுகிறது. மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்ல, விடியட்டும் என்று இரண்டு மணி நேரம் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

காலை 6.40க்கு மைத்துனரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளங்கை ஜில்லென்றிருந்தது. ரத்த அழுத்தம் 108/70, நாடித்துடிப்பு 96. இசிஜியில் வி1 முதல் வி4 வரை எஸ்டி பகுதி மூன்று மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. இதயத்தின் முன்பக்கச் சுவருக்குப் போகும் குழாயில் முழு அடைப்பு, சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்போடு வருபவருக்கு உடனே கொடுக்கவென்று 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் சேர்த்து 14 மாத்திரைகள் ஒரே வேளைக்கு. அதைப் பார்த்து நானும் என் மேசை இழுப்பில் அதே மாதிரி கவர் போட்டு வைத்திருந்தேன். பதினான்கையும் எண்ணிக் கையில் கொடுத்து, ஆஸ்பிரினை மட்டும் மெல்லச் சொன்னேன். 108க்குப் போன் போட்டது 6.48க்கு, வண்டி வந்தது 7.05க்கு.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நேரே மதுரைக்கு அனுப்பி ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோவதா, பக்கத்து அரசு மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா? மதுரை இங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வண்டியில் ஏற்றி, இறக்கி, ஆஞ்சியோ கூடத்தைத் தயார் செய்து அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்க எப்படியும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். இரண்டு மணிக்குள் திறக்க முடியாதென்றால் ஊசிதான் முதலில் என்பது விதி. வலி தொடங்கியதை முந்தின இரவு பத்தரையிலிருந்து கணக்கிட்டாலும் 12 மணி நேரத்துக்குள்தான் இருந்தோம். மருத்துவமனைக்கு முன்கூட்டியே இசிஜி படத்தை அனுப்பிவிட்டு ஊசிக்கே அனுப்பினேன். 7.50க்கு ஊசி ஏறியது. முக்கால் மணி நேரத்தில் வலி அடங்கி, எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியது. மாலை மதுரைக்கு மாற்றினார்கள்.

மதுரையில்

மறுநாள் காலை ஆஞ்சியோகிராம். இடது முன் இறங்கு தமனியின் தொடக்கப் பகுதியில் 90 விழுக்காடு அடைப்பு, ஒரு ஸ்டென்ட். வலது தமனியில் 40 விழுக்காடு. மற்ற இடங்களிலும் சுவர் வழவழப்பாக இல்லை, அங்கங்கே படிவு. நாற்பத்தாறு வயதுக்கு இது நிறையவே. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 45 விழுக்காடு.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பார்க்கப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவர் மனைவி.

"நான்தான் டாக்டர் இழையை நெய்யில நல்லாத் தோச்சு எடுத்துக் குடுத்தேன். இன்னொண்ணும் எடுத்துக்கங்கன்னு சொன்னேன். அதனாலதானோ?"

மூன்று இரவு தூங்காத முகம். இதற்கு ஒரு வரியில் இல்லை என்று சொன்னால் போதாது என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக் குடிநீர்க் குழாயில் உப்புப் படிவதைச் சொன்னேன். நேற்று வந்த தண்ணீரால் குழாய் அடைபடுவதில்லை. தமனிச் சுவருக்குள் கொழுப்புத் துகள் புகுந்து தங்குவது இருபது முப்பது வருடமாக நடக்கும் வேலை. அந்தப் படிவின் மேல்தோல் ஒருநாள் கிழிகிறது, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, குழாய் மூடுகிறது. அது நோன்பன்று நடந்தது, அவ்வளவுதான். ஒரு கரண்டி நெய்க்கு இதில் வேலையே இல்லை. கேட்டுக்கொண்டார். எவ்வளவு ஏற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. அடுத்த வருடம் நோன்பில் அவருக்கு இழை மாவில் நெய் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நோயாளியின் அதே நெற்றி, அதே மூக்கு. அண்ணன் என்று அறிமுகம் செய்தார்கள். கையில் இருந்த துணிப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க அப்பச்சிக்கும் இப்படித்தான் டாக்டர். 44 வயசு. கடையில பேரேட்டை மூடி வச்சுட்டு நெஞ்சைப் பிடிச்சாக. தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வாயு அடைச்சிருச்சுன்னு சொன்னாக அப்ப."

எனக்குப் புரியவில்லை. "அப்பச்சி ஊர்ல நல்லா இருக்காகளே?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அது இவன் போன வீட்டு அப்பச்சி. நான் சொல்றது பெத்த அப்பச்சி."

விட்டுப்போன பாதி

நகரத்தாரிடையே பிள்ளை கூட்டும் வழக்கம் ஊரறிந்தது. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு, அதே கோயில் பங்காளிகளில் ஒருவர் வீட்டுப் பிள்ளையை முறைப்படி சுவீகாரம் எடுப்பார்கள். அன்று முதல் புள்ளியும் (கோயில் கணக்கில் குடும்பமாகச் சேர்வது) சொத்தும் கொள்ளி போடும் உரிமையும் போன வீட்டில்தான். என் நோயாளியைப் பதினோரு வயதில் கூட்டியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பெற்ற தகப்பனார் கடையில் சாய்ந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. துக்கத்துக்குப் போய் வந்ததும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வார்டுக்குள் போய்க் கேட்டேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று. கோபமில்லாமல்தான் கேட்டேன். அவரும் கோபமில்லாமல் சொன்னார்:

"நீங்க அப்பச்சியைக் கேட்டீங்க. நான் அப்பச்சியைச் சொன்னேன்."

அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த வீட்டு முறைப்படி அவர் சொன்னதுதான் சரியான பதில். அதுவும் வளர்த்த ஆத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு பதில் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. பிழை என் கேள்வியில் இருந்தது. நான் கேட்க வேண்டியது மரபணு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது. நான் கேட்டது உறவு எந்த வீட்டில் இருக்கிறது என்பது. இருபது வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு, சுவீகார விருந்துகளுக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்த எனக்கு இது தோன்றாமல் போனதுதான் விசித்திரம். வளர்த்த அப்பச்சியின் சர்க்கரை நோயை இவருக்கு வாரிசாக்கி வேறு எழுதிவைத்திருக்கிறேன்.

தகப்பன், உடன்பிறந்த ஆண்களில் 55 வயதுக்கு முன்பும், தாய், உடன்பிறந்த பெண்களில் 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் அது வலுவான குடும்ப வரலாறு. 44 வயது திடீர் மரணம் தெரிந்திருந்தால் அந்த 103ஐ நான் வேறு மாதிரிப் படித்திருப்பேன்.

அதே அறிக்கையை மறுபடி படித்தது

ஊர் திரும்பியதும் பழைய அட்டையை எடுத்துவைத்துக்கொண்டேன்.

எல்டிஎல் 103 என்பது லேப் அளந்த எண் இல்லை. 1972இல் பிரீட்வால்ட் கொடுத்த சூத்திரத்தில் போட்டது: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிச்சம் எல்டிஎல். 178இலிருந்து 33 போக 145. அதில் 42 போக 103. அந்த 145க்கும் ஒரு பெயர் உண்டு: எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். தமனிச் சுவருக்குள் புகக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் இதில் அடக்கம். எல்டிஎல் தவிர டிரைகிளிசரைடைச் சுமந்து திரியும் துகள்களும், அவை பாதி கரைந்த எச்சங்களும் சுவருக்குள் போகின்றன. ஒரு கழித்தல் கணக்குப் போட்டிருந்தால் 145 கிடைத்திருக்கும். அதன் எல்லை 130. காசில்லாத பரிசோதனை அது. என் லேப் தாளில் அச்சிடவில்லை, நான் போடவுமில்லை.

நம் ஆட்களிடம் அடிக்கடி காணும் தோரணை இதுதான்: எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு கூடுதல், எல்டிஎல் பார்க்க நல்லபடியாக. அந்த எல்டிஎல் சின்னச் சின்னத் துகள்களாக நிறைய இருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கொலஸ்ட்ராலைத்தான் சுமக்கிறது. ஆகவே கொலஸ்ட்ராலை எடைபோட்டால் குறைவாகத் தெரியும். துகளை எண்ணினால்தான் கூட்டம் தெரியும். அறுபது பேர் ஏறும் பஸ் ஒன்று போவதும், ஆளுக்கொரு பைக்கில் அறுபது பேர் போவதும் ஆள் கணக்கில் ஒன்று. செக்காலை ரோட்டில் நிற்பவருக்கு ஒன்றல்ல.

துகளை எண்ண வழி அப்போ-பி என்ற புரதம். எல்டிஎல்லோ அதன் உறவுத் துகளோ எதுவானாலும் ஒரு துகளுக்கு ஒரு அப்போ-பி. மதுரையில் அனுமதித்த அன்றே எடுத்த ரத்தத்தில் (மாரடைப்புக்குப் பிறகு ஒரு நாள் கடந்தால் எல்டிஎல் தானாக இறங்கிவிடும், அதனால் முதல் நாள் ரத்தம் முக்கியம்) மொத்தம் 184, டிரைகிளிசரைடு 240, எச்டிஎல் 31, எல்டிஎல் 105. மூன்று வருடத்துக்கு முந்தைய அறிக்கையேதான். அப்போ-பி மட்டும் 118. எல்டிஎல் 150க்கு அருகில் இருப்பவர்களிடம் எதிர்பார்க்கும் எண் அது.

அண்ணன் சொன்னதைக் கேட்ட பிறகு இதய மருத்துவரிடம் பேசி, எல்பி(ஏ)வுக்கும் ரத்தம் அனுப்பச் சொன்னேன். 96 வந்தது. 50க்கு மேல் போனாலே ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்பி(ஏ) என்பது எல்டிஎல் துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம். 1963இல் நார்வேக்காரரான காரே பெர்க் கண்டுபிடித்தது. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கிறது. பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கும் அளவு, சிறுவயதிலேயே நிலைத்துவிடும். நடையோ பட்டினியோ எண்ணெய் மாற்றமோ இதை அசைப்பதில்லை. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளும் குறைப்பதில்லை. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது தனியாகத் தெரியாது. இதிலுள்ள கொலஸ்ட்ராலும் எல்டிஎல் எண்ணுக்குள்ளேயே கலந்து வந்துவிடும். ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். அந்த ஒருமுறையை நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் அட்டையில் இருந்தது. இடுப்பு 94, டிரைகிளிசரைடு 212, எச்டிஎல் 33, அழுத்தம் 134, சர்க்கரை 106. வளர்சிதை மாற்றக் கோளாறு என்று சொல்ல ஐந்தில் மூன்று போதும், இவருக்கு ஐந்துமே. ஒவ்வொன்றையும் தனித்தனியே 'கொஞ்சம் கூட' என்று எழுதியிருந்தேனே தவிர கூட்டிப் பார்க்கவில்லை.

பெற்ற தகப்பனாருக்கும் எல்பி(ஏ) கூடுதலாக இருந்ததா என்பதை இனி நிரூபிக்க முடியாது. அண்ணனின் முடிவு வந்தபோது ஊகம் பலமானது. அதைக் கீழே சொல்கிறேன்.

சிகிச்சையும் பின்தொடர்வும்

இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள், இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் பீட்டா தடுப்பான், அழுத்தத்துக்கு ஒன்று, இவற்றோடு ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இவர் மிக அதிக ஆபத்துப் பிரிவு: எல்டிஎல் 55க்குக் கீழே, எச்டிஎல் அல்லாதது 85க்குக் கீழே வர வேண்டும்.

ஆறு வாரத்தில் மொத்தம் 130, டிரைகிளிசரைடு 146, எச்டிஎல் 35, எல்டிஎல் 66. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "இவ்வளவு குறைஞ்சிருச்சே, மாத்திரையைப் பாதியாக்கலாமா?" என்றார். ஆக்கக்கூடாது என்றேன். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக ஆறு விழுக்காடுதான் இறங்கும். அதனால் அளவைக் கூட்டுவதற்குப் பதில், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தோம். மூன்றாம் மாதம் மொத்தம் 112, டிரைகிளிசரைடு 128, எச்டிஎல் 36, எல்டிஎல் 50, எச்டிஎல் அல்லாதது 76, அப்போ-பி 66. கல்லீரல் அளவு சரி. தசை வலி என்று ஒருமுறை வந்தார். பலகாரக் கூடத்தில் எண்ணெய் டின்கள் தூக்கியதால் வந்த தோள்பட்டை வலி அது. மாத்திரையை நிறுத்தவில்லை.

எல்பி(ஏ) அப்படியேதான் இருக்கிறது, இருக்கவும் செய்யும். அதைக் குறைக்கவென்றே தனி மருந்துகள் பெரிய அளவிலான சோதனைகளில் இருக்கின்றன. அதுவரை செய்யக்கூடியது, அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருந்தது. செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகும் கறியும் காரமும்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இவர் வாரம் ஒருநாள்தான் கறி சாப்பிடுபவர். இவருடைய டிரைகிளிசரைடுக்குக் காரணம் பலகாரக் கூடம்: பாகு பதம் பார்க்க ஒரு விள்ளல், வெந்ததா என்று பார்க்க ஒரு தேன்குழல், உடைந்ததை வீணாக்குவானேன் என்று நாலு சீப்புச்சீடை. மூன்று வேளையும் அரிசி. அவரை ஒரு வாரம் எழுதி வரச் சொன்னேன். கணக்குப்பிள்ளை கை; பேரேடு மாதிரியே எழுதிவந்தார். செவ்வாய்க்கிழமை மட்டும் ருசி பார்த்தது பதினேழு முறை. இப்போது பதம் பார்ப்பது மனைவியும் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும்தான்.

செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ராலே இல்லையாமே, எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. டின்னில் அப்படி எழுதுவது, தண்ணீரில் எலும்பு இல்லை என்று எழுதுவது போல. அளவும், பலமுறை காய்ச்சிய எண்ணெயைத் தவிர்ப்பதும்தான் விஷயம்.

மூன்றாம் மாத எக்கோவில் இதயத் திறன் 52 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. நாலாம் மாதம் வியாபாரத்துக்குத் திரும்பினார்.

குடும்பத்தில் தேடியது

எல்பி(ஏ) கூடுதலாக உள்ளவரின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது வர ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாரை அழைப்பது என்பதில்தான் மறுபடியும் வீட்டு முறை குறுக்கே வந்தது. போன வீட்டில் இவருக்கு ஒரு அக்கா, கட்டிக்கொடுத்த இடம் கோனாப்பட்டு. தம்பிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று முதலில் பரிசோதனைக்கு ஓடிவந்தது அவர்தான். அவருக்கு இந்தக் காரணத்துக்காகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதை எப்படிச் சொல்வது? "நீ இவனுக்கு ரத்த உறவில்லை" என்று சொல்வது போலாகிவிடும். பொதுவான பரிசோதனை என்று பார்த்து அனுப்பினேன். அழுத்தம் கூடியிருந்தது, அதற்கு மருந்து எழுதினேன்.

பிறந்த வீட்டு அண்ணனுக்கு எல்பி(ஏ) 88, எல்டிஎல் 124. எந்தத் தொந்தரவும் இல்லை. தகப்பனார் வரலாறும் தம்பியின் வரலாறும் சேர்ந்ததால் ஸ்டாட்டின் தொடங்கினோம். நோயாளியின் மகனுக்கு 19 வயது, கோயம்புத்தூரில் படிக்கிறான், எல்பி(ஏ) 72. அவனுக்கு மருந்து தேவையில்லை. புகைப் பக்கம் போகாமல் இருப்பதும், எடையும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்பதும் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகளுக்கு 11, சாதாரண அளவு.

வேறு மாதிரி செய்திருந்தால்

43 வயதில் ஸ்டாட்டின் தொடங்கியிருந்தால் இந்த மாரடைப்பு வந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. எல்டிஎல்லை ஏறத்தாழ 39 குறைத்தால் பெரிய இதய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த கணக்கு. ஐந்தில் ஒன்று என்றால் மிச்சம் நான்கு இருக்கிறது. ஆனால் தொடங்க வேண்டிய காரணம் அன்றே மேசைமேல் இருந்தது என்பதையும், நெஞ்சுக் கனம் வந்தால் திண்ணையில் உட்காராமல் உடனே வர வேண்டும் என்ற பேச்சாவது அவரிடம் பேசியிருப்பேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடைமுறையில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எச்டிஎல் அல்லாததை அறிக்கையின் ஓரத்தில் என் கையால் எழுதிவிடுகிறேன். லேப்காரரிடம் சொன்னதில் இப்போது அவர்களே அச்சிடுகிறார்கள். டிரைகிளிசரைடு கூடி எச்டிஎல் குறைந்தவர்களுக்கு, வசதியிருந்தால், அப்போ-பி. குடும்பத்தில் இளவயது மரணம் இருந்தால் எல்பி(ஏ) ஒருமுறை. அதற்கு எங்கள் லேபிலிருந்து ரத்தம் சென்னைக்குப் போய் வர மூன்று நாள் ஆகிறது. 'வாயு அடைத்துப் போனார்', 'தூக்கத்திலேயே போனார்', 'கடையில் சாய்ந்தார்' என்று யார் சொன்னாலும் வயது என்ன என்று கேட்கிறேன்.

கேள்வியையும் மாற்றிவிட்டேன். எடை பார்க்கும் மெஷின் உள்ளறையில் இருக்கிறது. கூட வந்த பெரியவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, மெஷினில் ஏறி நிற்கும்போது, "நீங்க இந்த வீட்டுக்குப் பிள்ளை வந்தவுகளா?" என்று கேட்கிறேன். ஆமாம் என்றால், பிறந்த வீட்டில் யார் எந்த வயதில் எப்படிப் போனார்கள் என்பது அடுத்தது. இந்த ஒன்றரை வருடத்தில் ஆமாம் என்று சொன்னவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேருக்கு என் பழைய அட்டையில் வேறு வீட்டு வரலாறு எழுதியிருந்தது.

அண்ணன் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இன்னும் பரிசோதனை ஆகவில்லை. அவர் மகள், வயது 24. ரத்தம் கொடுக்க அந்தப் பெண்ணுக்குச் சம்மதம்தான். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தையில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில். அட்டையில் பென்சிலால் 'தைக்குப் பின்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.